ஒகாடா வீட்டுக் கணப்பு

அரியரத்தினத்தின் வேலை நிற்பது. வெல்டர் குனிந்து பற்றவைப்பான், ஃபிட்டர் குழாயைத் தாங்கிப் பிடிப்பான். அரியரத்தினம் தீயணைப்பானைக் காலடியில் வைத்துக்கொண்டு பொறி எங்கெங்கே தெறிக்கிறது என்று பார்த்தபடி நிற்பார். வேலை முடிந்து எல்லாரும் சாப்பாட்டுக்குப் போன பிறகும் அவர் போகக் கூடாது. அதே இடத்தில் இன்னும் அரைமணி நேரம் நிற்க வேண்டும். அணைந்தது போலத் தெரிகிற நெருப்பு மறுபடி தலைதூக்குவது அந்த அரைமணிக்குள்தான். வளைகுடா நாட்டு ருவைஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் இந்த வேலைக்கு ஃபயர் வாட்ச் என்று பெயர். ஐந்து வருடத்தில் அவர் ஒரு தடவைகூட அந்த அரைமணியை இருபத்தெட்டு நிமிடமாக்கியதில்லை. ஆனாலும் கேம்பில் யாரும் அவரைக் கெட்டிக்காரர் என்று சொல்லவில்லை. நிற்பதற்கு எதற்குக் கெட்டித்தனம் என்பது அவர்கள் எண்ணம். அவருக்கும் அதில் பெரிய மறுப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

ஊர் யாழ்ப்பாணத்தில் கொட்டடி. எண்பதாம் ஆண்டு மனைவி சிவமலரையும் இரண்டு வயது மகள் குமுதினியையும் விட்டுவிட்டு வந்தவர். கேம்ப் அறையில் நான்கு பேர். பக்கத்துக் கட்டிலில் மணப்பாட்டுக்காரர் தேவதாஸ், சாரம் கட்டுகிறவர். வாய் ஓயாத மனிதர். அரியரத்தினத்துக்குத் 'தண்ணிவாளி' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அறையில் யாராவது சிகரெட் பற்றவைத்தால், "தண்ணிவாளி அண்ணே, பெர்மிட் உண்டா?" என்று கேட்பார். அரியரத்தினமும் சிரிப்பார்.

சிரிப்பு ஒருமுறை நின்றது. பம்ப் ஹவுஸின் பின்புறம், எண்ணெய்க் கழிவு ஓடும் கால்வாயின் ஓரம் பன்னீர்செல்வம் என்ற வெல்டர் உதவியாள் ஒதுங்கி நின்று புகை பிடித்ததை அரியரத்தினம் பார்த்தார். பார்த்ததை அப்படியே எழுதிக் கொடுத்தார். நான்காம் நாள் அவனை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அன்று அறையில் யாரும் அவரோடு பேசவில்லை. தூங்கப்போகும் முன் தேவதாஸ் மட்டும் சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"ஒரு சத்தம் போட்டு விரட்டியிருக்கலாம்லாண்ணே. எழுதணுமா?"

"கண்டதை எழுதத்தான் என்னை வைச்சிருக்கினம், தேவதாஸ். எழுதாட்டி நான் அதிலை நிக்கிறது என்னத்துக்கு?"

அது அவருக்கு வெறும் சாக்கு அல்ல. நெருப்பைப் பார்க்காமல் விடுவது கவனக்குறைவு, பார்த்ததைச் சொல்லாமல் விடுவது அதைவிடப் பெரிய குற்றம் என்றே பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் அதை நம்பினார்.

எண்பத்தைந்தாம் ஆண்டு சிவமலரின் கடிதங்கள் குட்டையாகிவிட்டன. கோட்டையிலிருந்து இராணுவம் ஷெல் அடிக்கத் தொடங்கியிருந்தது. கொட்டடி கோட்டைக்கு மிகப் பக்கம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தாயும் மகளும் சுன்னாகத்தில் ஒன்றுவிட்ட சகோதரி வீட்டு விறாந்தையில் இருந்தார்கள். ஒரு கடிதத்தில் இப்படி எழுதியிருந்தாள்: 'பிள்ளை இப்ப சத்தத்தை வைச்சே போற ஷெல் எது, வாற ஷெல் எது எண்டு சொல்லுறாள். நாங்கள் அவளைக் கேட்டுத்தான் படுக்கிறம்.' அரியரத்தினம் அந்த வரியைப் பல தடவை படித்தார். ஏழு வயதுப் பிள்ளையை ஒரு வீடே காவலுக்கு நிறுத்தியிருக்கிறது என்று அவருக்குப் பட்டது.

குடும்பத்தைக் கூட்டிவர ஆலையில் ஏழாம் கிரேடு வேண்டும். அவர் ஆறாம் கிரேடு. புதிதாக வந்த தீயணைப்புப் பம்புகளைப் பழக ஜப்பானுக்கு மூன்று பேரை மூன்று வாரம் அனுப்புவதாகவும், பயிற்சி முடிவில் ஜப்பான் கம்பெனி என்ஜினியர் தரும் அறிக்கை நன்றாக இருந்தால் ஏழாம் கிரேடு கிடைக்கும் என்றும் பேச்சு வந்தது. அரியரத்தினத்தின் பெயரும் பட்டியலில் இருந்தது. அதற்குப் பிறகு அவருடைய வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு தாளில் போய் நின்றது.

அறிக்கை எழுத வேண்டியவர் ஒகாடா. ஐம்பது வயது, ஒல்லியான உடம்பு, ருவைஸில் ஆறு வருடமாக இருப்பவர். எதையும் மூன்று கேள்வியில் முடித்துவிடுவார்: எப்போது, எவ்வளவு, யார் பார்த்தது. அரியரத்தினத்தை அவர், பெயரைச் சுருக்கி ஜப்பானிய மரியாதைச் சொல்லான 'சான்' சேர்த்து, 'அரிசான்' என்று கூப்பிடுவார். அன்பாகவா மரியாதையாகவா என்று அரியரத்தினத்துக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

நவம்பரில் போனார்கள். கடலோர நகரம் ஒன்றில் பம்ப் தொழிற்சாலை. முதல் வாரக் கடைசியில் மூன்று நாள் விடுமுறை வந்தது. கூட வந்த எகிப்தியரும் பாகிஸ்தானியும் பெரிய நகரம் பார்க்கக் கிளம்பினார்கள். அரியரத்தினம் விடுதி அறையில் இருக்கப்போவதாகச் சொன்னார். ஒகாடா கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துவிட்டு, தன் தகப்பனாரின் நினைவுநாளுக்கு மலையில் இருக்கும் வீட்டுக்குப் போவதாகவும், கூட வரலாம் என்றும் சொன்னார்.

ரயில், அதற்குப் பிறகு பேருந்து, அதற்குப் பிறகு ஒரு மணி நேர ஏற்றம். வீடு ஒரு சரிவின் மடியில் இருந்தது. நாணற்புல் வேய்ந்த கூரை ஆள் உயரத் தடிப்பில் கீழே இறங்கி வந்து, வீட்டின் முகத்தைப் பாதி மறைத்தது. தாழ்வாரத்தில் தோல் சீவிய ஆரஞ்சு நிறப் பழங்களைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். நூற்றைம்பது வருடத்து விவசாய வீடு. தகப்பனார் இறந்த பிறகு ஒரு பக்கம் சாய்ந்து, கூரை அழுகி, இடித்துவிடலாம் என்று ஊர் சொன்ன நிலையில் ஒகாடாதான் ஆள் வைத்து அதைப் பிரித்து, மரம் மரமாக எண் போட்டு அடுக்கி, அழுகிய இடங்களை வெட்டி எறிந்து, இரண்டு வருடத்தில் திரும்ப எழுப்பியிருந்தார். தூண்கள் எல்லாம் புகையில் கன்னங்கரேலென்று இருந்தன. அடியில் இரண்டடி மட்டும் புது மரம், வெளேரென்று. கறுப்பும் வெள்ளையும் பொருந்துகிற இடத்தில் தாள்கூட நுழையாது. ஒகாடா வெள்ளை மரத்தைத் தட்டி, "இது ருவைஸ் சம்பளம்," என்றார். பிறகு மேலே கறுப்பைக் காட்டி, "இது பாட்டனார்," என்றார். அவர் வேடிக்கையாகப் பேசி அரியரத்தினம் கேட்டது அன்றைக்குத்தான்.

வீட்டில் இருந்தது ஒகாடாவின் அக்கா தொமிகோ ஒருத்திதான். அறுபது கடந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கீழ்க் கிராமத்துத் தபால் நிலையத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வுபெற்றவள். அவளுக்கும் அரியரத்தினத்துக்கும் இடையில் ஒரு மொழியும் இல்லை. அவள் குனிந்தாள், இவரும் குனிந்தார். அதோடு பேச்சு முடிந்தது.

நடுக்கூடத்தின் பலகைத் தளத்தில் ஒரு கட்டில் அகலத்துக்குச் சதுரமாகக் குழி வெட்டி, சாம்பல் நிரப்பி, அதன் நடுவில் விறகு எரிந்துகொண்டிருந்தது. அதுதான் கணப்பு. மேலேயிருந்து ஒரு கொக்கி இறங்கி வந்து இரும்புக் கெண்டியைப் பிடித்திருந்தது. புகைபோக்கி இல்லை. புகை நேரே கூரைக்குப் போனது. கணப்பைச் சுற்றிச் சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டபோது எல்லாரும் கிண்ணத்தைப் பார்த்தார்கள், அரியரத்தினம் கூரையைப் பார்த்தார். காய்ந்த புல், திறந்த நெருப்பு, நடுவில் பன்னிரண்டு அடி. மணல் வாளி இல்லை, தீயணைப்பான் இல்லை. பெர்மிட் கேட்டால் எந்த மேற்பார்வையாளரும் கையெழுத்துப் போடமாட்டார்.

மறுநாள் காலை நினைவுநாள் சடங்குக்கு அக்காவும் தம்பியும் கீழே கோயிலுக்குக் கிளம்பினார்கள். அரியரத்தினத்துக்கு இருமல். அவரை இருக்கச் சொன்னார்கள். சாயங்காலம் வந்துவிடுவோம், வேண்டுமானால் ஓடை வரை நடந்து பாருங்கள் என்று ஒகாடா சொல்லிவிட்டுப் போனார். தொமிகோ போகும்முன் கணப்பின் மேல் சாம்பலை இழுத்து மூடினாள். சிவப்பு கொஞ்சம் தெரிந்தது.

ஒரு மணி நேரம் அரியரத்தினம் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தார். வெளியே வெயில் நன்றாக இருந்தது. ஓடையின் சத்தம் கேட்டது. போய்ப் பார்க்க ஆசை. எழுந்து வாசல் வரை போனார், திரும்பி வந்தார். ஆளில்லாத வீட்டில் நெருப்பு. ஐந்து வருடம் காலில் ஊறிய பழக்கம் அவரை வாசல்படி தாண்ட விடவில்லை. கடைசியில் அவர் எது செய்தால் தன்னால் நிம்மதியாக நடக்க முடியுமோ அதைச் செய்தார். கெண்டியை இறக்கி, வெந்நீரை ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்ல மெல்ல ஊற்றினார். சாம்பலைக் கிளறினார். மறுபடி ஊற்றினார். புறங்கையை மேலே பிடித்துப் பார்த்தார். மணி பதினொன்றரை. பக்கத்திலேயே உட்கார்ந்து, பன்னிரண்டு ஆகும் வரை காத்திருந்துவிட்டுத்தான் செருப்பை மாட்டினார்.

ஓடை அழகாக இருந்தது என்பதைத் தவிர அந்த நடையைப் பற்றி அவருக்கு ஒன்றும் நினைவில்லை. மூன்று மணிக்குத் திரும்பியபோது வீடு கிணற்றுக்குள் இருப்பது போலக் குளிர்ந்து கிடந்தது. வருகிறவர்களுக்குச் சூடு வேண்டுமே என்று நினைத்தார். கட்டிதட்டிய ஈரச் சாம்பலை வாரிப் பின்புறத்து மரத்தடியில் கொட்டினார். மூலையில் இருந்த பெட்டியிலிருந்து காய்ந்த சாம்பல் எடுத்து நிரப்பினார். புதிதாகக் கட்டிய சமையலறையில் காஸ் அடுப்பு இருந்தது. அதில் ஒரு சுள்ளியைப் பற்றவைத்துக் கொண்டுவந்து விறகை மூட்டினார். கெண்டியில் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டார். எல்லாம் முன்பு போலவே இருந்தது. மனதில் நிறைவு. ஒகாடா வந்ததும் இரண்டு வாளி மணல் வைக்கும்படி சொல்ல வேண்டும் என்று இங்கிலீஷில் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்துக்கொண்டார். ஆள் இல்லாதபோது நெருப்பை விட்டுப் போகவில்லை, அணைத்துவிட்டேன் என்பதும் அதில் இருந்தது. அறிக்கை எழுதுகிறவர் காதில் விழ வேண்டிய விஷயம்தானே.

சாயங்காலச் சாப்பாட்டில் ஒகாடா முந்திக்கொண்டார். கொஞ்சம் குடித்திருந்தார், முகம் சிவந்திருந்தது.

"அரிசான், நீங்கள் நெருப்பு மனிதர். உங்களுக்குச் சொல்ல வேண்டும். இந்த நெருப்பு என் பாட்டனாரின் தகப்பன் காலத்திலிருந்து அணைந்ததில்லை."

அரியரத்தினம் வாயில் சோறோடு நிமிர்ந்தார்.

ஒகாடா நிதானமாகச் சொன்னார். இரவில் தணலைச் சாம்பலுக்குள் புதைப்பார்கள், விடிந்ததும் கிளறி எடுப்பார்கள். போர்க் காலத்தில்கூட விடவில்லை. வீட்டைப் பிரிக்க வேண்டும் என்றபோது அக்கா சம்மதிக்கவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். தணலை இரும்புப் பானையில் சாம்பலோடு அள்ளி, சரிவுக்குக் கீழே இருக்கும் ஹாரு என்ற கிழவியின் வீட்டுக்குக் கொண்டுபோனாள். இரண்டு வருடம் அங்கேயே தங்கி அதைப் பார்த்துக்கொண்டாள். கூரை வேய்ந்து முடித்த அன்று அதே பானையில் திரும்பக் கொண்டுவந்தாள்.

"எல்லாரும் நான் வீட்டைக் காப்பாற்றினேன் என்கிறார்கள். அக்கா சொல்கிறாள், நெருப்பு இருந்தது, அதைச் சுற்றி நீ ஒரு வீடு கட்டினாய் என்று." ஒகாடா தலையைச் சாய்த்துச் சிரித்தார். "நான் என்ஜினியர். நெருப்பு என்றால் வாயு எரிவது. நேற்று எரிந்த வாயு இன்று இல்லை. ஆனால் அதை நான் அக்காவிடம் சொன்னதில்லை."

தம்பி என்ன சொல்கிறான் என்று தொமிகோவுக்குப் புரிந்திருந்தது. அவள் அரியரத்தினத்தைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

சொல்வதென்றால் அந்த நிமிடம்தான். அரியரத்தினத்துக்கு அது தெரியும். வாக்கியம்கூடத் தயாராக நாவில் இருந்தது. மணல் வாளியை மட்டும் அதிலிருந்து எடுத்துவிட்டால் போதும். 'அணைத்துவிட்டேன்.' ஒரே சொல். அப்போது ஒகாடா, அறிக்கைகளை வெள்ளிக்கிழமை எழுதி அனுப்பிவிடுவதாக ஏதோ பேச்சில் சொன்னார். விறாந்தையில் படுத்திருக்கும் பிள்ளை அரியரத்தினத்தின் கண்ணில் வந்தாள். சோற்றை விழுங்கினார். "வெரி ஓல்ட்," என்றார். "வெரி குட்."

விடியற்காலையில் சத்தம் கேட்டுக் கண்விழித்தார். தள்ளுகதவின் இடுக்கில் தொமிகோ தெரிந்தாள். கணப்பின் முன் மண்டியிட்டு, இரும்புக் குச்சிகளால் சாம்பலை விலக்கி, உள்ளிருந்து ஒரு தணலை எடுத்து, அதற்கு லேசாகத் தலை குனிந்து, காய்ந்த புல்லை வைத்து ஊதினாள். நேற்று மூன்று மணிக்குக் காஸ் அடுப்பில் பிறந்த நெருப்பு. அது அவள் மூச்சுக்குப் பணிந்து எழுந்தது. எந்த வித்தியாசமும் இல்லை.

வித்தியாசம் இல்லை என்பதைத்தான் அவர் பிறகு பல நாள் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். ஒகாடாவே சொல்லிவிட்டார், நேற்றைய வாயு இன்று இல்லை. சோறு வெந்தது, கெண்டி கொதித்தது, அந்த அம்மாளின் கை காய்ந்தது. என்ன குறைந்துபோனது? கேட்டால் காட்ட முடியாது. ஆனால் ஒன்று குறைந்திருந்தது என்பது அவருக்குத் தெரியும். அது அணையவே இல்லை என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தது நினைவுநாள் காலை பதினொன்றரை மணி வரை உண்மை. அதற்குப் பிறகு அது உண்மையில்லை. இதை அறிந்தவர் உலகத்தில் ஒரே ஒருவர், அவரோ பார்த்ததைச் சொல்வதற்காகச் சம்பளம் வாங்குகிறவர். பன்னீர்செல்வத்தின் முகம் நினைவுக்கு வந்தது. அவன் செய்ததால் எதுவும் எரியவுமில்லை, அணையவுமில்லை.

கிளம்பும்போது தொமிகோ உலர்ந்த பழங்களைத் துணியில் முடிந்து கொடுத்தாள். மிச்சம் இரண்டு வாரமும் தினம் ஒகாடாவைப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளினார். முதல் வெள்ளிக்கிழமை அறிக்கை எழுதப்படவில்லை, அடுத்த வெள்ளிக்கிழமை எழுதப்பட்டது. அதன் பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது.

ருவைஸில் அந்தத் தாளை அவரே படித்தார். பம்புகள் பற்றி நான்கு வரி. கடைசி வரி: 'நெருப்பின் அருகில் தனியாக விடத்தக்க மனிதர்.' ஒகாடா அதைப் புகழ்ச்சியாக எழுதவில்லை, தகவலாகத்தான் எழுதியிருந்தார். மார்ச் மாதம் ஏழாம் கிரேடு வந்தது. குவார்ட்டர்ஸ் ஒதுக்கினார்கள். கட்டிலை மடக்கும்போது தேவதாஸ் பெட்டி கட்ட உதவி செய்தார்.

"தண்ணிவாளிக்கு ஃபேமிலி ஸ்டேட்டஸா. எங்கள மறந்துராதீங்கண்ணே. அண்ணி கையால ஒரு நாளு மீன்கொழம்பு."

"மறக்கமாட்டன்," என்றார் அரியரத்தினம்.

"மூஞ்சியப் பாத்தா எழவு வீட்டுக்குப் போற மாதிரில்லா இருக்கு."

ஆகஸ்டில் சிவமலரும் குமுதினியும் வந்து சேர்ந்தார்கள். வந்த நாலாம் நாள், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆலையின் சைரனை வழக்கம்போல ஊதிப் பார்த்தார்கள். அரியரத்தினம் வேலையிலிருந்து திரும்பியபோது பிள்ளை கட்டிலுக்கு அடியில் இருந்தாள். மதியமும் அங்கேதான் சாப்பிட்டாளாம். இரவில் ஆலையின் உச்சியில் எரியும் வாயுச் சுடர் அவள் அறைச் சுவரில் செம்மையாக ஆடியது. சிவமலர் ஜன்னலில் போர்வையைக் கட்டி மறைத்தாள். வாரக்கணக்கில் பிள்ளை உள்ளங்கையைத் தலையணைக்கு அடியில் வைத்து, ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடத் தயாரானவள்போலத் தூங்கினாள். ஆனாலும் அவர்கள் அங்கே இருந்தார்கள். அரியரத்தினம் எதற்காக வாய் மூடியிருந்தாரோ அது நடந்துவிட்டது. அதை மறுப்பதற்கில்லை.

செப்டம்பர் முடிவில் ஒகாடாவின் ஒப்பந்தம் முடிந்தது. போவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அவரைத் தங்கள் வீட்டு மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னார்கள். சிவமலர் காரத்தைக் குறைத்துத்தான் மீன்குழம்பு வைத்தாள். அப்படியும் ஒகாடாவின் காது சிவந்தது. நன்றாகச் சாப்பிட்டார். சாப்பிட்ட பிறகு பையிலிருந்து சட்டம் போட்ட ஒரு படத்தை எடுத்துச் சிவமலரிடம் இரண்டு கையாலும் நீட்டினார். தொமிகோ கணப்பின் அருகில் உட்கார்ந்திருக்கும் படம். அக்கா கொடுத்தனுப்பியது. அவளுக்கு இந்தக் குடும்பம் சேர்ந்ததில் சந்தோஷம் என்றார். பிறகு, "மனைவிக்கு நெருப்பின் கதையைச் சொல்லுங்கள்," என்றார்.

ஆக, அதை அரியரத்தினம் தன் வாயாலேயே தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. பாட்டனாரின் தகப்பன், இரும்புப் பானை, இரண்டு வருடம். ஒகாடா சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்ல, இவர் ஒன்றொன்றாக மாற்றினார். "இண்டைக்கும் எரியுது" என்று முடித்ததும் தம்ளரை எடுத்தார். தண்ணீர் குடித்தார்.

சிவமலர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சோறு அடுப்பிலை இருக்க இருக்க ஓடி வந்தனான். அடுப்பு எரிஞ்சுகொண்டிருந்தது. பிறகு ஆரும் போய் அணைச்சிச்சினமோ, தானா நூர்ந்துதோ தெரியாது." கொஞ்சம் கழித்து, "இந்த அம்மா குடுத்துவைச்சவ," என்றாள்.

என்ன சொல்கிறார் என்று ஒகாடா கேட்டார். படம் நன்றாக இருக்கிறது என்கிறாள் என்றார் அரியரத்தினம்.

வண்டி வரை வழியனுப்பக் கூடப் போனார். குவார்ட்டர்ஸ் வரிசையைத் தாண்டியதும் நின்றார். ஒகாடாவும் நின்றார். வெயில் தார்ச்சாலையில் தகதகத்தது. அரியரத்தினம் சொன்னார். முன்னுரை ஒன்றும் வைக்கவில்லை. அன்றைக்குக் கணப்பை அணைத்துவிட்டேன், பிறகு காஸ் அடுப்பில் பற்றவைத்தேன் என்றார்.

ஒகாடா ஆலையில் விபத்து விசாரணையில் கேட்பது போலவே கேட்டார்.

"எப்போது?"

"நினைவுநாள். பதினொன்றரை."

"எவ்வளவு தண்ணீர்?"

"கெண்டி முழுவதும்."

"யார் பார்த்தது?"

"நான் மட்டும்."

ஒகாடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை.

"ஹாரு வீட்டில் அந்த நெருப்பு இருந்தது," என்றார். "அக்கா திரும்பக் கொண்டுவந்தபோது பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம், பார்த்துக்கொண்ட வீட்டுக்குப் பங்கு. அன்றைக்குச் சாயங்காலம் சொல்லியிருந்தால் நான் பானையை எடுத்துக்கொண்டு கீழே போயிருப்பேன். பத்து நிமிடம். அக்கா உங்களைப் பார்த்துச் சிரித்திருப்பாள்."

அரியரத்தினம் ஏதோ கேட்க வாயெடுத்தார்.

"ஹாரு பிப்ரவரியில் இறந்துபோனாள். மகன் வந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான்."

நவம்பரிலிருந்து பிப்ரவரி. அரியரத்தினம் மனதில் மாதங்கள் ஓடின. டிசம்பரில் சொல்லியிருந்தால் போதும். ஜனவரியில் சொல்லியிருந்தாலும் போதும். அவர் அணைத்த அன்று அந்த நெருப்பு அணைந்துவிடவில்லை. சரிவுக்குக் கீழே அது மூன்று மாதம் உயிரோடு இருந்தது. அதை அணைத்தது கெண்டித் தண்ணீர் இல்லை.

"அறிக்கை..." என்றார்.

"அறிக்கை பம்பைப் பற்றியது. அது அப்படியே இருக்கும்." ஒகாடா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அக்கா தினம் ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறாள். அவளிடம் இதைச் சொல்ல முடியாது. இனி வீட்டுக்குப் போனால் நானும் அந்த நெருப்பின் முன்னால் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அரிசான். நீங்கள் அன்று சாப்பிட்டது மாதிரி."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாக இருந்தால் அரியரத்தினத்துக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். ஒகாடா வழக்கம்போல லேசாகக் குனிந்தார், வண்டியில் ஏறினார். பிறகு அவரிடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. இவரும் எழுதவில்லை.

திரும்பி வந்தபோது சிவமலர் கூடத்தில் படத்தைச் சுவரில் வைத்து உயரம் பார்த்துக்கொண்டிருந்தாள். குமுதினி எட்ட நின்று, இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்று கை காட்டினாள்.

"ஒரு ஆணி எடுத்துத் தாங்கோவன்."

கம்பெனி வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றார் அரியரத்தினம்.

"எங்கை எழுதியிருக்கு?"

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, குவார்ட்டர்ஸ் விதிமுறைப் புத்தகத்தை எடுத்து, பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். உண்மையிலேயே அப்படி ஒரு விதி இருந்தது. அந்த வரிசையில் இருந்த பதினாறு வீடுகளில் வேறு யாரும் அதைக் கடைப்பிடிக்கவில்லை.